சுடுதண்ணீர்க் கல்யாணம்

கணக்கில் பட்டம் வாங்கியவள் கையில் பத்து மாதக் குழந்தையைக் கொடுக்கக்கூடாது. அது ஒரு நாளைக்கு எத்தனை முறை தும்மியது என்று நோட்டில் எழுதி வைப்பாள். நான் எழுதி வைத்தேன். அதே நோட்டை வைத்து என் நாத்தனார் மலரின் கல்யாணத்தையும் கவிழ்க்கப் பார்த்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில், சிக்கல் என்ற எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. எதிர்வீட்டு சபுரா அக்கா ஞாயிறுதோறும் விடியலில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிச் சும்மாவே கொடுப்பார். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்களும் அங்கே வந்து நிற்பார்கள். நான் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலைகளை எண்ணி அதே நோட்டில் எழுதினேன். முதல் வாரம் ஐந்து. அடுத்த வாரம் பதினொன்று. மூன்றாம் வாரம் இருபது.

வாரத்துக்கு வாரம் இரட்டிப்பு! கிராஃப் தாளை எடுத்தேன். (கல்லூரியில் மிஞ்சியது. சீர்ப் பாத்திரங்களோடு அதையும் கொண்டுவந்திருந்தேன்.) இன்னும் நான்கு வாரத்தில், வைகாசிக் கடைசியில், மலர் கல்யாணம். அன்றைக்கு முந்நூற்றிருபது பேர். கிராஃப் கோட்டை அதோடு நிறுத்த மனம் வரவில்லை. ஆவணி முடிவதற்குள் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஆள் மிச்சமில்லை. அதற்கடுத்த வாரம் காமாலை வருவதற்கு இலங்கையிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம்.

ஏற்கெனவே ஒரு துக்கத்தால் தள்ளிப்போன கல்யாணம். மறுபடி தள்ளிவையுங்கள் என்று மாமனாரிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால் பரமக்குடியில் இருந்த மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். 'உங்கள் நன்மைக்காக' என்று தொடங்கி, காமாலை குடிதண்ணீரால் பரவுகிறது என்று விளக்கி, கிராஃபையும் மடித்து வைத்தேன். இது சரிதானா என்று நான்கு முறை யோசித்தேன். தபாலில் போட்ட பிறகு.

மூன்றாம் நாள் அவரே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். சேலைக்கடை வைத்திருப்பவர். கையில் என் கிராஃப்.

"பொண்ணுக்குக் காமாலையா சம்பந்தி? மறைக்காமச் சொல்லுங்க. அப்படின்னா இத்தோட விட்டுருவோம்."

மாமனார் ஒன்றும் புரியாமல் விழித்தார். அந்த நேரம் பார்த்து மலர் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றாள். மனிதர் அவள் முகத்தைப் பார்த்தார். கிராஃபைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

மலர் அழவில்லை. விறுவிறுவென்று எதிர்வீட்டுக்குப் போய் சபுரா அக்காவைக் கையோடு இழுத்து வந்தாள். அக்கா தாளைப் பின்பக்கமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். (அப்படிப் பார்த்தால் காமாலை குறைந்துகொண்டே வந்தது.)

"எங்கிட்ட வாரவுகளையா எண்ணுன? ஏம்மா, ஒரு ஆளு மூணு ஞாயித்துக்கெழமை குடிக்கணும்ல! போன வாரம் வந்த ஆளுதான் இந்த வாரமும் வருது. புதுசா வாரது அஞ்சோ ஆறோதான். மிச்சம் தொணைக்கு வந்த ஆளுக. இந்தா நிக்கிறாளே மலரு, இவளுக்கு எட்டு வயசுலயே வந்து போயிருச்சு, நாந்தான் மருந்து குடுத்தேன். வந்து போனவுகளுக்குத் திரும்ப வாரதில்ல. அவுகளைக் கழிச்சியா?"

கழிக்கவில்லை. முதல் வகுப்பில் தேறியவள், மூன்றாம் வகுப்புக் கழித்தலைச் செய்ய மறந்திருந்தேன்.

மாப்பிள்ளையின் அப்பா தாளை மடித்தார். "ஏந்தாயி, எங்கடைக்கு ஒரே அம்மா மூணு நாளு வந்து வெலை கேட்டுட்டுப் போனா, மூணு சேலை வித்துச்சுன்னா எழுதுவ?"

மாமனார் சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"இருந்தாலும் சம்பந்தி," என்றார் மாப்பிள்ளையின் அப்பா, "வாரத்துக்கு அஞ்சு பேருங்கிறதும் சும்மா இல்ல. இந்தப் பிள்ளை தண்ணியப் பத்தி எழுதுனது நெசந்தான். கல்யாணத்துல காய்ச்சின தண்ணிய ஊத்துவோம். காய்ச்சுறது இந்தத் தாயி பொறுப்பு."

வைகாசி வெயிலில் பந்திக்குப் பந்தி ஆறியும் ஆறாத தண்ணீர். "ஏலே, இது குடிக்கவா, ரசத்துல ஊத்தவா?" என்று ஒருவர் கத்தியது அடுப்படிவரை கேட்டது. அண்டாப் பக்கத்திலேயே நின்றதால் கல்யாணப் படம் ஒன்றில்கூட நான் இல்லை.

பிறகு இரண்டு மாதம் மறுபடி எண்ணினேன், இந்த முறை பெயர் கேட்டு. பந்தியில் உட்கார்ந்த ஒருவர்கூட சபுரா அக்கா வாசலில் வந்து நிற்கவில்லை. என் அண்டாவாலா, தெருவில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே வந்து போயிருந்ததாலா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கடிதத்தைப் பார்த்ததும் உறவை முறிக்காமல், பஸ் ஏறி வந்து நேரில் கேட்டாரே அந்த மனிதர், அவரை நினைக்கும்போதெல்லாம் கை தானாகக் குவிகிறது.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் சொல்லும் எந்த எண்ணுக்கும் மதிப்பில்லை. கூட்டம் நூற்றைம்பது பேர் என்று சொன்னால், "மதினி சொன்னா மூணால வகுத்து இலை போடுங்க" என்பாள் மலர். காதுகுத்து, கிரகப்பிரவேசம், எதையும் விடமாட்டாள்.

மலரின் முதல் குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்த வாரம், பரமக்குடியிலிருந்து போன் செய்தாள்.

"மதினி, பாப்பாவுக்குத் தண்ணி குடுக்கப் போறேன். எத்தனை நிமிசம் கொதிக்கவிடணும்?"

"பத்து நிமிஷம்" என்றேன்.

அதை மட்டும் அவள் வகுக்கவில்லை.