ஐவிரல் உறையின் பதினேழு கட்டங்கள்

உலகத்தில் எந்தப் படையும் துப்பாக்கியால் வென்றதில்லை; கோப்பால்தான் வென்றிருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் மைசூருவில் நடக்கும் ‘பாதுகாப்புக் கொள்முதல் மற்றும் திட்ட மேலாண்மை முதுநிலைச் சான்றிதழ்’ வகுப்பில் பதினோரு மாதம் உட்கார்ந்து பார்க்கலாம். மின்விசிறி உண்டு. இரண்டு வேளை பிஸ்கட்டும் உண்டு.

உதயகுமார் உட்கார்ந்தார். கொள்ளேகாலத்துக்காரர், வயது ஐம்பத்திரண்டு. படைவீரர்களுக்கு உடுப்பு வாங்கித் தரும் அலுவலகத்தில் கொள்முதல் அதிகாரி. இருபத்தாறு வருஷமாகச் சான்றிதழ் இல்லாமலே கையெழுத்துப் போட்டு வந்தார். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பது, இனிமேல் சான்றிதழ் பெற்றவர்தான் கையெழுத்திடலாம் என்று சுற்றறிக்கை வந்த பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. அன்றைக்கு அவர் மேசையில் இருந்தது பனிமலைக் காவலுக்கான கையுறைக் கோப்பு. ஆளுக்கொரு ‘உயிருள்ள’ கோப்பைத் திட்டப்பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது வகுப்பு விதி. ஆகவே கோப்பும் அவரோடு படிக்கப் போனது.

அந்தப் பனிமலையில் நின்றவர்களில் ஒருவன் கவின்ராஜ், உதயகுமாரின் தங்கை சொர்ணலதாவின் மகன். அதையும் அவர் முதல் நாளே எழுத்து மூலம் தெரிவித்துவிட்டார். நேர்மையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

முதல் பாடம் எடுத்தவர் சந்தோஷ்குமார், ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி.

“ஹேளி சார், சொல்லுங்க, தாமதம் யாரால வருது?”

விற்பவர் என்றார் ஒருவர். வங்கி என்றார் இன்னொருவர். மழை என்றார் பின்வரிசைக்காரர். சந்தோஷ்குமார் மூன்றுக்கும் தலையாட்டி மறுத்துவிட்டுப் பலகையில் எழுதினார்: ‘பயனாளர். நடுவழியில் தன் தேவையை மாற்றிக்கொள்கிறார்.’ உதயகுமார் அதைச் சிவப்பு மையில் இரண்டு முறை அடிக்கோடிட்டார்.

கையுறை என்றால் என்ன என்று முடிவு செய்ய இரண்டு மாதம் ஆயிற்று. விரல்களின் எண்ணிக்கை ஐந்து என்று மூன்றாவது குழு தீர்மானித்தது. ஓர் உறுப்பினர் மட்டும் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்தார். அடுத்தது சோதனை. சோதனைக்குப் பனி வேண்டும். மைசூருவில் பனி ‘கையிருப்பில் இல்லை’. எனவே குண்டலுபேட்டையில் காய்கறி வைக்கும் குளிர்பதனக் கிடங்கில், முட்டைகோஸ் மூட்டைகளுக்கு நடுவே ஆறு அதிகாரிகள் நாற்பது நிமிஷம் கையுறையோடு வீற்றிருந்தார்கள். கதகதப்பு திருப்தி, காபி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வடிவம் திருத்தப்பட்டது. மறு சோதனை டீயோடு நடந்தது.

கார்த்திகையில் ஒரு நாள், மைசூருவின் அக்ரஹாரம் பகுதியிலிருந்து ஸ்கூட்டரில் சொர்ணலதா வகுப்பு வாசலில் வந்து இறங்கினாள்.

“பையன் வெரலெல்லாம் மரத்துப் போகுதுன்னு போன் பண்றானுங்ணா. உங்க கையுறை எப்பத்தான் போகும்?”

“ஒன்பதாவது கட்டத்துல இருக்குது, அம்மிணி.”

“எத்தனாவதுல அவன் கைக்குப் போகுமுங்?”

“பதினேழு.”

அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். சாலையோரம் ஸ்வெட்டர் விற்பவர்களிடம் போய், இரட்டைக் கம்பளியில் ஒரு ஜோடியை வாங்கி வந்துவிட்டாள். குழு இல்லை, கோப்பு இல்லை, பத்தே நிமிஷம். படை முகவரிக்குப் பார்சல் அனுப்பும் முறை அண்ணனுக்குத்தானே தெரியும் என்று அவர் கையிலேயே கொடுத்தாள்.

“மூணு இடத்துல விலை கேட்டியா?”

“ரெண்டு இடத்துல கேட்டேனுங்ணா. மூணாவது ஆளு சாப்பிடப் போயிட்டாரு.”

உதயகுமார் தபால் நிலைய வாசல் வரை போனார். போனார் என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் சோதனை முடியுமுன் ஒரே ஒரு பயனாளருக்கு மட்டும், அதுவும் சொந்த மருமகனுக்கு, ஒப்புதல் பெறாத உறையா? திரும்பி வந்தார். பார்சலில் அரக்கு முத்திரை வைத்து, ‘கோராமல் வந்த மாதிரிப் பொருள், எண் 1’ என்று சீட்டு ஒட்டித் திட்டப்பணியில் இணைத்தார். சந்தோஷ்குமார் அதைத் தூக்கிக் காட்டி, “நோடி, இதுதான் நேர்மை” என்றார். வகுப்பு கைதட்டியது. பார்சல் போய்விட்டதா என்று தங்கை போனில் கேட்டபோது, சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்று இவர் பதில் சொன்னார்.

சித்திரை வெயிலில் பதினேழாவது கட்டம் நிறைவேறியது. மூன்றாம் முறை திருத்திய கால அட்டவணைப்படி பார்த்தால் ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

பட்டமளிப்பு அன்று சொர்ணலதா மகனோடு வந்தாள். கவின்ராஜ் வலது கையை நீட்டினான். பனி கடித்துக் கடைசி இரண்டு விரலும் போயிருந்தன.

“கையுறை வந்துச்சா, மாப்ளே?” என்றார் உதயகுமார், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

“வந்துச்சுங் மாமா. ஆஸ்பத்திரிக்கே கொண்டாந்து குடுத்தாங்க. நல்ல உறை. ரெண்டு வெரலு மட்டும் சும்மா தொங்குதுங்.”

சொர்ணலதா அங்கே இல்லை. சிறந்த திட்டப்பணிகளை வைத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். உள்ளே அரக்கு முத்திரையோடு அவள் வாங்கிய ஜோடி.

“இது நான் குடுத்ததுங்களே, அண்ணா.”

அவர் கை சட்டைப்பைக்குப் போனது. பேனா வெளியே வந்தது. இறுதி அறிக்கையில் ‘தாமதத்துக்குக் காரணம்’ என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. விழா தொடங்குமுன் கொடுத்தாக வேண்டும். எழுதினார்: ‘பயனாளர் நடுவழியில் தன் தேவையை ஐந்து விரலிலிருந்து மூன்றாக மாற்றிக்கொண்டார்.’

முதல் பாடத்தைக் கடைசி வரை மறக்காதவர் என்று அவருக்கே தங்கப் பதக்கம். அதைச் சட்டையில் குத்திவிட ஒரு படைவீரர் இருந்தால் சிறப்பு என்று சபையில் தேடி, கவின்ராஜை மேடைக்கு அழைத்தார்கள். மூன்று விரலுக்கு ஊக்கு அடங்கவில்லை. இரண்டு தடவை கீழே விழுந்தது. மாமா அசையாமல் நின்றார்.

விழா நான்கு நிமிஷம் தாமதம் என்று குறிப்பேட்டில் முறையாகப் பதிவாகியிருக்கிறது. காரணம்: பயனாளர்.