கரிக்குவியலுக்குப் போட்ட கீற்று

மதிப்பிற்குரிய தேசப்பன் மாமாவுக்கு, மலர்கொடி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம் என்று எழுத வேண்டும்; உடம்பு நலம்தான். அங்கே மழைக்கு முன் உப்பையெல்லாம் ஏற்றி முடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஃபோனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவீர்கள், உப்பளத்தில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். அதனால் கடிதம்.

மாமா, நீங்கள் நாலு பேரிடம் சொல்லி வாங்கித் தந்த வேலை போகப்போகிறது. எங்கள் ஆலையில் சூளையை எரிக்கவும் நிலக்கரிதான், கல்லிலிருந்து இரும்பைப் பிரிக்கவும் கரிதான். கரிக்கப்பல் வரவில்லை. மலை மாதிரி இருந்த குவியல் பத்தே நாளில் நம் வீட்டு உயரத்துக்கு இறங்கிவிட்டது. சூளை ஆறினால் உள்ளே செங்கல் வெடித்துவிடும் என்று சூப்பர்வைசர் ராஜவேல் சார் சாப்பிடாமல் திரிந்தார். "ஒரு கூடை வீணாகக் கூடாது, நீதாம்மா பாத்துக்கணும்"னு என்கிட்ட விட்டுட்டுப் போனார். திங்கட்கிழமை வானம் கறுத்துச்சு. அது போதாதுன்னு குவியல் மேல யாரோ பைப்புல தண்ணி அடிச்சிட்டு இருந்தாங்க. நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி, கரி கரையாதுன்னு தெரியும் மாமா, ஆனா கை கேக்கலை. தண்ணியை நிறுத்திட்டு, கேன்டீன் கொட்டகைக்கு வெச்சிருந்த கீத்தையெல்லாம் எடுத்து, நம்ம உப்புக்கு மூடுற மாதிரியே அடுக்கி, கயிறு கட்டி, மேல கல்லும் வெச்சேன். பாக்க அழகாத்தான் இருந்துச்சு. கரி தானாவே சூடாகும், அதுக்குத்தான் தண்ணின்னு யாரும் சொல்லலை, நானும் வெக்கப்பட்டுக் கேக்கலை. புதன்கிழமை மத்தியானம் கீத்து பத்திக்கிச்சு. மழையும் வரலை. பாதிக் கரி போச்சு. ராஜவேல் சார் திட்டலை, "எந்த ஊரு நீ"ன்னார். மரக்காணம்னேன். "உப்பளத்து ஊரா, அதான்"னார். நேத்து சூளையை அணைச்சிட்டாங்க. நாப்பது பேரு சாப்பாட்டுத் தூக்கோட கேட் வாசல்ல நிக்கிறாங்க. நான் பின்வாசல் வழியாத்தான் போயிட்டு வர்றேன்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அளத்தில் எனக்கொரு வேலை பார்த்து வையுங்கள். எப்போதும்போல அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து சத்தமாகப் படிப்பீர்கள். படியுங்கள், தெரியத்தானே வேண்டும். அத்தைக்கு என் வணக்கம். அம்மா மாத்திரையை மறக்க வேண்டாம்.

தங்கள் மருமகள்,
மலர்கொடி

பி.கு.: நான் வரவில்லை. கப்பல் வரும்வரை ராஜவேல் சார் உட்பட எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மிச்சக் கரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சூடு பார்க்க ஒரு ஆள் வேண்டுமாம். அந்த அனுபவம் எனக்குத்தான் இருக்கிறதாம். இவ்வளவு பெரிய ஆலையில் இப்போது கரியும் நானும்தான். மேலே எழுதியது எதையும் அம்மாவுக்குப் படித்துவிடாதீர்கள்.