நூற்று நாற்பத்து மூன்று நீலப் பலகைகள்

ஈரி, பென்சில்வேனியா
ஜூன் 2

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

உன் தங்கை மார்சி எழுதுவது. இங்கே நானும் கர்ட்டும் பெய்ஜும் சுகம். அப்பாவின் முழங்கால், வானிலை அறிக்கைக்கு முன்பே மழையைச் சொல்லிவிடுகிற அளவுக்குச் சுகம். டோவரில் நீயும் உன் தக்காளிச் செடிகளும் இரண்டு நாய்களும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். ஃபோனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதக் காரணம், நான் "அப்பா" என்று ஆரம்பித்ததும் உன் வீட்டு அடுப்பில் ஏதாவது தீய ஆரம்பித்துவிடுகிறது. கடிதம் என்றால் அடுப்பை அணைத்துவிட்டு வந்தும் படிக்கலாம்.

விஷயம் இதுதான். ஜூலை இரண்டாவது வாரம் வேனில் ஐந்து நாள் பயணம் போகிறோம். கெட்டிஸ்பர்க் போர்க்களம், பிறகு லங்காஸ்டரில் காரும் மின்சாரமும் வேண்டாம் என்று வாழும் ஆமிஷ்காரர்களின் பண்ணைகள், பிறகு சுதந்திரப் போர்ப்படை குளிர்காலம் தங்கிய வேலி ஃபோர்ஜ், கடைசியில் பிலடெல்பியாவில் அந்த விரிசல் விட்ட சுதந்திர மணி. லங்காஸ்டரில் நீ வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். 1992இல் அதே லங்காஸ்டர் சாலையில், பதிமூன்று வயது லோர்னாவை ஒரு நீலப் பலகைக்கு முன்னால் நிற்கவைத்துவிட்டு நாங்கள் பதினெட்டு மைல் போய்விட்டோம் என்பதையும், "அந்த மனுஷன் ஓட்டுற வண்டியில இனி என் கால் படாது" என்று அப்பாவைக் காட்டி நீ சபதம் செய்ததையும் மறக்கவில்லை. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டப்போவது கர்ட்.

திட்டம் போடுவதுதான் பயணத்தின் இன்பமான பகுதி என்று யாரோ சொன்னார்களாம், அவர்கள் எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததில்லை. பெய்ஜுக்குப் பதினைந்து வயது, கணினியில் மணிவாரியாக ஏழு நிறத்தில் அட்டவணை போட்டாள். அப்பா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் இன்னொன்று போட்டார். அதில் ஊர்களே இல்லை, வழியில் இருக்கும் சரித்திரப் பலகைகள் மட்டும், மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று. நம் வழக்கம் உனக்குத் தெரியுமே, நீலப் பலகையில் மஞ்சள் எழுத்தைக் கண்டால் வண்டி நிற்க வேண்டும், ஒருவர் இறங்கி உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் தலையாட்ட வேண்டும். கர்ட் கணக்குப் போட்டுப் பார்த்து, "பலகைக்கு நாலு நிமிஷம்னாலும் ஒம்பதரை மணி நேரம் ஆகுது மாமா" என்றார். "அவ்வளவுதானா? அப்ப இன்னும் சிலதைச் சேர்க்கலாம்" என்றார் அப்பா.

கர்ட் வர்ஜீனியாக்காரர், அங்கே தோற்றுப்போன தெற்குப் படையின் ஊர்க்காரர் என்பதால் கெட்டிஸ்பர்க்கைப் பற்றிப் பேசாமல் இருப்பதுதான் இந்த வீட்டுக்கு நல்லது, ஆனால் போகிற இடமே அதுவாக இருக்கும்போது எப்படிப் பேசாமல் இருப்பது? எந்த மேட்டில் நின்று மதியச் சாப்பாடு சாப்பிடுவது என்பதில் ஆரம்பித்தது. "உங்க ஆளுங்க ஓடின பக்கம் நெழல் ஜாஸ்தி மாப்ள, அங்கயே விரிச்சுக்கலாம்" என்று அப்பா சொல்ல, "ஓடல மாமா, திரும்பிப் போனோம்" என்று கர்ட் சொல்ல, "முதுகு எந்தப் பக்கம் இருந்துச்சு?" என்று அப்பா கேட்க, பெய்ஜ் எழுந்து அந்தக் கட்டத்துக்குச் சாம்பல் நிறம் பூசிவிட்டு, "நான் வேன்லயே சாப்பிட்டுக்கிறேன், எனக்கு எந்தப் பக்கமும் வேணாம்" என்றாள். நூற்றறுபது வருடத்துக்கு முந்தைய போர், அக்கா. ரொட்டிக்கு நடுவே ஹாம் வைக்கவும் முடியவில்லை.

ஆமிஷ் பண்ணை ஒன்றில் சாப்பாட்டுக்குச் சொல்லிவைக்கும் வேலை எனக்கு. மாலிண்டா பைலர் என்று ஓர் அம்மாள். வீட்டுக்குள் ஃபோன் வைத்துக்கொள்வதில்லை, சாலைக்கு அப்பால் ஒரு கொட்டகையில் இருக்கிறது. நான் விட்ட தகவலை அவர்கள் என்றைக்குக் கேட்டார்களோ, பத்து நாள் கழித்துத் தபாலில் பதில் வந்தது. "ஞாயிறு வருவதாகச் சொன்னீர்கள். ஞாயிறு நாங்கள் எதையும் விற்பதில்லை, யாருக்கும் சமைத்துப் போடுவதும் இல்லை. வந்தால் தண்ணீர் தருவோம். சனிக்கிழமை வந்தால் கோழி வறுவலும் நூடுல்ஸும் தருவோம். ஐந்து மணிக்கு." நாற்பத்து நான்கு வருடம் இந்த மாநிலத்தில் வாழ்ந்துவிட்டு ஆமிஷ் ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை போகத் திட்டம் போட்ட ஒரே பட்டதாரி நானாகத்தான் இருப்பேன். எல்லாவற்றையும் ஒரு நாள் முன்னால் நகர்த்தினோம். பெய்ஜின் ஏழு நிறமும் கலந்துபோயின. அப்புறம்தான் கடிதத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததைக் கண்டேன்: "எங்கள் கடிகாரத்தில் ஐந்து மணி. கோடையில் நாங்கள் முள்ளை நகர்த்துவதில்லை." ஊரெல்லாம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைக்க, அவர்கள் மட்டும் பழைய நேரத்திலேயே இருக்கிறார்கள், அதாவது நமக்கு ஆறு. கர்ட் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்பாவுக்கோ லாட்டரி விழுந்த மாதிரி. "சும்மாவே ஒரு மணி நேரம் கிடைச்சிருக்கு! பதினஞ்சு பலகை!"

இதற்குமேல் ஒத்திகை வேறு. ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் முப்பத்தெட்டு வருடம் தரச்சோதனை பார்த்தவர் அல்லவா அப்பா, ஓடவிட்டுப் பார்க்காமல் எதையும் வெளியே அனுப்பமாட்டார். போன சனிக்கிழமை பெட்டிகளோடு எல்லோரையும் வேனில் ஏற்றி வாசலிலேயே உட்காரவைத்தார். எதிர்வீட்டு கோவால்சிக் அம்மாள் நாங்கள் கிளம்புகிறோம் என்று நினைத்து, ஒரு பெரிய பாத்திரம் நிறைய பியரோகி என்கிற போலந்துக் கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "வழியில சாப்பிடுங்க கண்ணுங்களா, உருளைக்கிழங்கும் சீஸும் வச்சது" என்று கண்கலங்கிக் கையசைத்தாள். அதற்குப் பிறகு எப்படி இறங்கி வீட்டுக்குள் போவது? கிளம்பினோம். ஏரிக்கரையில் போய் நின்று பியரோகி முழுவதையும் தின்றோம், சாயங்காலம் திரும்பினோம். அவள் இன்னும் வாசலில்தான் இருந்தாள். "அதுக்குள்ள பார்த்துட்டீங்களா?" என்றாள். "சின்ன ஊருங்கதான்" என்றார் அப்பா.

ஆனால் அக்கா, நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. ஏரிக்கரையிலிருந்து கிளம்பும்போது அப்பா எங்களை எண்ணினார். எண்ணி முடித்து மறுபடி எண்ணினார். "ஒண்ணு குறையுது" என்றார். "நாலு பேர்தான் தாத்தா வந்தோம், நாலு பேரும் இருக்கோம்" என்றாள் பெய்ஜ். "ஆமா, ஆமா" என்று சொல்லிவிட்டு, வீடு வரும்வரை அப்பா ஒரு பலகைக்கும் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. காரணத்தை உனக்கு முப்பத்து மூன்று வருடமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு நீ பலகையைப் படித்துக்கொண்டிருந்தாய். அம்மா வரைபடத்தை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிப்போயிருந்தாள். அப்பா முன்னால் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் ஏறியாச்சா?" என்று கேட்டார். "ஏறியாச்சுப்பா" என்று சொன்னது நான்தான். உன் ஜன்னலோர இடத்துக்காக. நாலு வீடு தள்ளி, நீ இல்லாததைப் பார்த்து நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். அவர் நிறுத்தவில்லை, எனக்கு வாயைத் திறக்கப் பயம். அடுத்த பலகை பதினெட்டு மைலுக்கு அப்பால் என்பது பதினோரு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? நீ ஐம்பது நிமிடம் நின்றாய். குதிரைவண்டி ஓட்டிவந்த ஓர் ஆமிஷ்காரர், நாங்கள் வரும்வரை ஒரு வார்த்தையும் பேசாமல் உன் பக்கத்திலேயே நின்றாராமே. அப்பாவைத் திட்டித் தீர்த்தாய். அவர் அப்போதும் சரி, பிறகும் சரி, என் பெயரைச் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை. ஆகவே உன் சபதம் தப்பான ஆள்மேல் இருக்கிறது, அதை என்மேல் மாற்றிக்கொண்டு நீ லங்காஸ்டருக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஜன்னலோர இடம் ஐந்து நாளும் உனக்குத்தான். நான் நடுவில், குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.

உன் தக்காளி காய்த்துக் குலுங்கட்டும். நாய்களுக்கு உண்ணி வராமல் இருக்கட்டும். கர்ட்டின் அன்பும் பெய்ஜின் முத்தமும் இத்துடன்.

என்றும் உன் தங்கை,
மார்சி

பி.கு.: மேலே எழுதிய திட்டத்தை நம்பாதே. இந்தக் கடிதத்தை ஒட்டாமல் மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்தது என் தப்பு. காலையில் வந்து பார்த்தால் அப்பா மூக்குக்கண்ணாடியும் சிவப்புப் பென்சிலுமாகப் படித்து முடித்திருந்தார். "பதினெட்டு மைல்" என்பதைப் "பதினேழரை" என்று திருத்தியிருக்கிறார். காலண்டர் தாளில் நூற்று நாற்பத்திரண்டு பலகைகளை அடித்துவிட்டார். ஒன்றுதான் மிச்சம்.

"நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்காப்பா?" என்றேன்.

"இருக்கு. ஆனா எண்ண வேண்டியது ஓட்டுறவன். நீ கொழந்த" என்றார். பிறகு, "சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு என்னை அந்தப் பலகைகிட்ட எறக்கிவிட்டுட்டு நீங்க பாட்டுக்குப் போங்க. லோர்னா வந்து ஏத்திக்கட்டும். அவ வண்டி, அவ ஓட்டட்டும்" என்றார். நானும் அவரோடு இறங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கர்ட்டும் பெய்ஜும் பதினேழரை மைல் தள்ளி எங்காவது ஆப்பிள் பை தின்றுகொண்டிருப்பார்கள்.

பத்து மணி, அக்கா. ஆனால் அந்தப் பலகை மாலிண்டா அம்மாள் பண்ணையின் வேலியை ஒட்டித்தான் இருக்கிறதாம். அதனால் நீ பதினொன்றுக்கு வந்தாலும் அங்கே பத்துதான்.