கெய்ரோவுக்குப் போன வரிசை

ஃபக்ஸ் மெஷினில் வந்து கிடந்த தாளைப் பஸ்ரியன் மூன்றாம் தடவையும் வாசித்தான்.

"உங்கள் சிஸ்டம் நல்லது. ஆனால் நேற்று முப்பத்தோராம் நம்பரோடு ஒரு கிழவி நின்றுகொண்டிருக்க, மூன்றாம் நம்பர் பொடியன் விசிலடித்தபடி உள்ளே வந்தான். வெளியே கைகலப்பு. உடனே திருத்தித் தரவும்."

அனுப்பியவர் கெய்ரோவில் கிளினிக் நடத்தும் டொக்டர். பஸ்ரியனின் முதலாளி நபிலுக்கு அக்கா புருசன்.

நபில் எகிப்துக்காரர். கனடாவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவின் மாடியில், சலூனுக்கு மேலே இரண்டு அறை எடுத்து சொஃப்ட்வெயர் கொம்பனி நடத்தினார். கொம்பனி என்றால் அவரும் பஸ்ரியனும்தான். மன்னாரிலிருந்து வந்து, ஆறு வருடம் பேக்கரியில் மா மூட்டை தூக்கிக்கொண்டே கொலிஜுக்குப் போய்ப் புரோகிராமிங் படித்தவன் பஸ்ரியன். தொண்ணூற்றேழாம் ஆண்டு பங்குனியில் கிடைத்த இந்த வேலைதான் அவன் கதிரையில் இருந்து பார்த்த முதல் வேலை. கெய்ரோ கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்து வரிசைப்படுத்தும் புரோகிராமை அவன்தான் எழுதினான். அதை ஒரு கொம்பியூட்டரில் ஏற்றி, பெட்டியில் கட்டிக் கப்பலில் அனுப்பியும் வைத்தான்.

"இது சரிவந்தால் உனக்கு வேலை நிரந்தரம். சரிவராவிட்டால் நானும் உன்னோடு மா மூட்டை தூக்க வருகிறேன்" என்று நபில் சொல்லியிருந்தார்.

"வந்த ஒழுங்கில்தானே நம்பர் போகிறது? இதில் என்ன பிழை?" என்று பஸ்ரியன் கேட்டான்.

நபில் சிரித்தார். "எங்கள் ஆட்களுக்கு வரிசை பிடிக்காது என்றில்லை. யார் முதலில் வந்தது என்று பார்க்கமாட்டார்கள், யாருக்கு அவசரம் என்று பார்ப்பார்கள். யாருக்கு அவசரம் என்பதில்தான் சண்டையே."

பஸ்ரியன் அறுபது வயது தாண்டியவர்கள் முதலில் போகும்படி புரோகிராமை மாற்றினான். அதைப் பதிந்த புதிய பிளொப்பி டிஸ்க்கோடு, என்ன மாற்றம் என்று விளக்கி ஒரு கடிதமும் வைத்தான். கடிதம் போனது சாபர் என்பவருக்கு. கிளினிக் வாசலில் இருந்து ஆட்களை உள்ளே விடுகிறவர் அவர். முன்பு உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்ததால் ஆங்கிலம் நன்றாக வரும். டொக்டர் பின்கதவால் வந்து பின்கதவால் போகிறவர். கொம்பியூட்டர் விசயம் முழுக்கச் சாபரின் பொறுப்பு.

இரண்டு கிழமையில் அடுத்த ஃபக்ஸ் வந்தது.

"இப்போது என்னிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் எழுபது வயது. பால்குடிப் பிள்ளைக்குக்கூட அறுபத்திரண்டு என்று தாய் சொல்லியிருக்கிறாள். சிஸ்டம் அதையும் நம்பியிருக்கிறது. முகத்தைப் பார்க்கும்படி செய்ய முடியாதா?"

முகத்தைப் பார்க்கிற கொம்பியூட்டருக்குப் பஸ்ரியன் எங்கே போவான்? அடையாள அட்டை நம்பரைக் கேட்கும்படி செய்தான். விளைவு, அட்டையை மறந்து வந்தவர்களுக்குச் சாட்சி சொல்லக் குடும்பமே திரண்டு வந்தது. வந்த எல்லோருக்கும் நம்பர் போனது. டொக்டர் ஒரே நாளில் பதினேழு சுகதேகிகளைச் சோதித்திருந்தார். அதில் மூன்று பேருக்கு உண்மையிலேயே பிரஷர் இருந்ததாம். அதற்கு மட்டும் நன்றி எழுதியிருந்தார்.

இரவுச் சாப்பாட்டின்போது பஸ்ரியன் இதை றீற்றாவிடம் சொன்னான். பிட்டைக் குழைத்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு வந்தது.

"உதென்ன பெரிய புதினம்? எங்கட டொக்டரிட்டப் போய்ப் பாருங்கோ. மரியம்மா அன்ரி, 'ஒரேயொரு கேள்வி பிள்ளை' எண்டு உள்ளுக்க போனாவெண்டால் அரை மணித்தியாலம் வரமாட்டா."

"கனடாவிலயுமோ?"

"ஓம். அவவும் கனடா சிற்றிசன்தான்."

அடுத்த நாள் பஸ்ரியன் "ஒரேயொரு கேள்வி" என்று தனியாக ஒரு வரிசை சேர்த்தான். பழைய வரிசையில் ஒருவரும் இல்லை, எல்லோரிடமும் ஒரேயொரு கேள்விதான் இருக்கிறது என்று ஃபக்ஸ் வந்தது.

ஆடி மாதத்தில் புது முறைப்பாடு. மத்தியானமானால் சிஸ்டம் களைத்துப்போகிறதாம். ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் இடையில் பத்து நிமிடம் போகிறதாம். மெமரி நிறைந்துவிடுகிறது என்று பஸ்ரியன் முடிவுகட்டினான். ஐந்து நாள் மண்டையை உடைத்து, பன்னிரண்டரைக்கு ஒருமுறை தானாக நின்று, பிறகு புதிதாகத் தொடங்கும்படி எழுதினான். "சிஸ்டம் பன்னிரண்டரைக்குச் சற்று ஓய்வெடுக்கும்" என்று கடிதத்தில் குறிப்பிட்டான்.

"பன்னிரண்டரைக்கு நிற்கிற சிஸ்டம் இரண்டரைக்குத்தான் வருகிறது" என்று டொக்டர் பதில் அனுப்பினார். "வந்த பிறகு மிக உற்சாகமாக வேலை செய்கிறது என்பதையும் சொல்லவேண்டும்."

பஸ்ரியன் தலையில் கைவைத்தான். இங்கே அவனுடைய மேசையில் அதே புரோகிராம் இரண்டு செக்கனில் திரும்பவும் எழும்பி நின்றது. கெய்ரோ வெய்யிலுக்குக் கொம்பியூட்டர் இப்படித்தானோ என்று நபிலிடம் கேட்டான்.

"அந்த வெய்யிலில் நாங்கள் எல்லோருமே அப்படித்தான்" என்றார் நபில்.

ஐப்பசியில் வந்த ஃபக்ஸை நபில் கையில் பிடித்தபடி ஓடிவந்தார். அவர் ஓடி அவன் கண்டதில்லை.

"பஸ்ரியன்! நீ ஒரு மேதை! வாசி!"

பஸ்ரியன் வாசித்தான். "கடைசி வேர்ஷன் அற்புதம். நேற்றுச் சிஸ்டம் ஒரு கர்ப்பிணிப் பெண்ணை நாற்பதாவது இடத்திலிருந்து தானாகவே முன்னால் அனுப்பியது. தகப்பனை இழந்த ஒருவனை நெரிசல் குறைந்த நேரத்தில் வரச்சொன்னது. ஒரு மாதமாகச் சண்டை இல்லை. என் நோயாளிகள் சிஸ்டத்துக்குப் பலகாரம் கொண்டுவருகிறார்கள். இதை எப்படிச் செய்தீர்கள்?"

"எப்படிச் செய்தாய்?" என்று நபிலும் கேட்டார்.

கர்ப்பிணி என்ற சொல்லே பஸ்ரியனுடைய புரோகிராமில் இல்லை. யாருடைய தகப்பன் இறந்தார் என்று அதற்கு எப்படித் தெரியும்? அன்று முழுக்க ஆறாயிரம் வரியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். இரக்கம் எந்த வரியிலும் இல்லை. பிழை இருந்தால் தேடிப் பிடிக்கலாம். நன்மையை எங்கே போய்த் தேடுவது?

"வெள்ளிக்கிழமை பத்து டொக்டர்மார் வருகிறார்கள்" என்றார் நபில். "எல்லோரும் இங்கே கிளினிக் வைத்திருக்கும் எங்கள் ஊர் ஆட்கள். பத்து பேருக்கும் இதே சிஸ்டம் வேண்டுமாம். அந்த இரக்கம் எப்படி வேலை செய்கிறது என்று நீ விளக்கு. திங்கட்கிழமையிலிருந்து நீ நிரந்தரம்."

வீட்டில் றீற்றா அவன் முகத்தைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"வேலை போயிட்டுதே?"

"இல்லை, நிரந்தரமாகப்போகுது. அதுதான் பயமாக் கிடக்கு. நான் செய்யாததைச் செய்தனெண்டு எப்பிடிச் சொல்லுவன்?"

"உண்மையா என்ன நடக்குதெண்டு அங்க வாசலில நிக்கிற மனுசனைக் கேளுங்கோவன்."

வியாழன் காலை ஒன்பது மணிக்கு, நபில் வருமுன், பஸ்ரியன் கெய்ரோவுக்குப் போன் எடுத்தான். அங்கே பின்னேரம். இரைச்சலுக்குள் ஒரு வயதான குரல் வந்தது.

"சாபர் பேசுகிறேன்."

"நான் ரொறன்ரோவிலிருந்து பஸ்ரியன். புரோகிராம் எழுதுகிறவன்."

"ஓ! கடிதம் எழுதும் தம்பி!" குரலில் அவ்வளவு சந்தோசம். "எல்லாக் கடிதமும் பத்திரமாக இருக்கிறது. மிகத் தெளிவாக எழுதுகிறாய்."

"நன்றி ஐயா. ஒரு உதவி. கர்ப்பிணிப் பெண்ணைச் சிஸ்டம் முன்னால் அனுப்பியதே, அப்போது ஸ்கிரீனில் என்ன தெரிந்தது?"

மறுபக்கத்தில் ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது. சாபரின் குரல் தாழ்ந்து வந்தது.

"தம்பி, டொக்டரிடம் சொல்லிவிடாதே, நீ அனுப்பிய மெஷின் முதல் நாள் எங்கள் கரண்டில் செருகினவுடனேயே புகைந்து செத்துப்போய்விட்டது, அன்றைக்குத் தொடக்கம் உன் கடிதங்களை வாசித்து வாசித்து நான்தான் கையால் நம்பர் எழுதிக் கொடுக்கிறேன், எனக்கும் வயது அறுபத்துநாலு, தயவுசெய்து இனிப் புது வேர்ஷன் அனுப்பாதே!"