எல்லாத்துக்கும் ஆகிற ஒரு ரிவால்வர்

தகர டப்பாக்கள் ஆறும் வைத்த இடத்திலேயே நின்றன. லியோட்டாதான் கையை உதறிக்கொண்டு நின்றாள்.

"வலிக்குதா?" என்று ஓடிவந்தான் ஆரின்.

"இல்ல, சுகமா இருக்கு. குதிரை உதைச்ச மாதிரி."

ஆரின் ஹாக்லண்டுக்கு முகம் விழுந்துவிட்டது. கைக்கு அடக்கமாக, பூப்போல எடையே இல்லாமல் இருக்கிறதே என்றுதான் அந்தக் குட்டி ரிவால்வரை வாங்கியிருந்தான். பெண்பிள்ளை கைக்கு அளவெடுத்துச் செய்தது என்று, மோன்டானாவின் அந்த மூலையில் இருந்த ஆம்பிளைகள் அத்தனை பேரும் சத்தியம் செய்திருந்தார்கள்.

அவனுக்கு அவசரம். குளிர்காலம் பிறந்தால் வடக்கு டகோட்டா எண்ணெய்க் கிணறுகளுக்கு வேலைக்குப் போய், பனி உருகும்போது திரும்புவது அவன் வழக்கம். இத்தனை காலமும் வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தது கதவின் பூட்டு மட்டும்தான். ஐம்பதைத் தாண்டிய பிறகு, இந்த வசந்தத்தில்தான் வயோமிங்கிலிருந்து லியோட்டாவைக் கல்யாணம் செய்துகொண்டு வந்தான். பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியாத பண்ணை. வெயில் காலத்தில் கோழிக்கூண்டுக்குள் கிலுகிலுப்பைப் பாம்பு, பனிக்காலத்தில் கன்றுகளைச் சுற்றி நரிக்கூட்டம். எல்லாவற்றுக்கும் ஆகிற மாதிரி அவள் இடுப்பில் ஒரு ரிவால்வர் இருந்தாக வேண்டும். அதுவும் தோட்டாவை அடிக்கிற பின்பக்கச் சுத்தியலைக் கட்டைவிரலால் ஏற்றிக்கொண்டு நிற்கிற ரகம் ஆகாது. விசையை இழுத்தாலே எல்லாம் தானாக நடக்கிற டபுள் ஆக்‌ஷன்.

"ஆறு டப்பாவுல மூணைத் தட்டிடு. நான் நிம்மதியாக் கெளம்பிடுவேன்," என்றான்.

"தட்டலைன்னா?"

"தட்டாம உன்னை எப்படி இங்க தனியா விட்டுட்டுப் போறது?"

"ஓ," என்றாள் லியோட்டா. "அப்படியா?"

குட்டி ரிவால்வரோடு ஆரின் துப்பாக்கிக் கடைக்குப் போனான். கடைக்கார வெர்ன் அதைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"யோவ், எடை இல்லாத துப்பாக்கி உதையை யாருக்குய்யா குடுக்கும்? கைக்குத்தான் குடுக்கும்! கொஞ்சம் கனம் இருந்தா இரும்பே பாதியை வாங்கிக்கும்."

"கனம்" என்ற சொல் மட்டும் ஆரின் காதில் விழுந்தது. கடையிலேயே பெரியதாக, குழல் முழங்கை நீளத்துக்கு இருந்த ஒன்றைக் கை காட்டினான்.

"அது கரடிக்குய்யா!"

"கரடியும் வந்தா?"

அதை இடுப்பில் கட்டிய அன்றைக்கு லியோட்டாவின் கால்சட்டை ஒரு பக்கமாக இறங்கியது. முட்டை பொறுக்கக் குனிந்தால் உறையின் நுனி தரையைத் தோண்டியது. வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அது அவளுக்கு முன்னால் உட்கார்ந்தது. சுட்டபோதோ, டப்பாக்கள் அசையவில்லை, மாடுகள் அசைந்தன. சத்தத்தில் மிரண்டு வேலியை முறித்துக்கொண்டு மேட்டைத் தாண்டி ஓடின. பொழுது சாயும்வரை இருவரும் மாடு பிடித்தார்கள்.

"நரி பயந்துரும்," என்றாள் லியோட்டா ஆறுதலாக. "மாடும் இருக்காது, அது வேற விஷயம்."

மறுபடி கடை. இந்த முறை வெர்ன் அவனைப் பேசவே விடவில்லை.

"நடுத்தர எடை, நாலு அங்குலக் குழல். வேகமான தோட்டாவும் போடலாம், சாதுவான தோட்டாவும் போடலாம். துரு பிடிக்காது. மொத நாளே இதைத்தான் எடுத்து வச்சேன், நீ எங்க பார்த்த? வாயை மூடிட்டுக் கொண்டு போ."

லியோட்டா அதைக் கையில் ஏந்தினாள். அழகாகப் பொருந்தியது. சுட்டாள். கை வலிக்கவில்லை, மாடும் ஓடவில்லை. டப்பாவும் விழவில்லை.

"விசை கொஞ்சம் இறுக்கமோ என்னமோ..." என்று இழுத்தாள்.

அவ்வளவுதான். ஆரின் கொட்டகைக்குள் புகுந்து, ரிவால்வரைப் பிரித்து, உள்ளே இருந்த சுருள்வில்லில் ஒரு துண்டை நறுக்கி எறிந்தான். விசை வெண்ணெயாகிவிட்டது. லியோட்டா குறிபார்த்து இழுத்தாள்.

டிக்.

இன்னொரு முறை. டிக். ஆறு தோட்டாவுக்கும் டிக், டிக் என்று கடிகாரம்தான் ஓடியது.

"இது ரொம்ப நல்லா இருக்கு," என்றாள் லியோட்டா. "உதையே இல்ல."

அடிக்கிற பலம் போன சுத்தியலுக்கு வெர்ன் புது சுருள்வில் போட்டுக் கொடுத்தான். கொடுக்கும்போது ஆரினின் மூன்று தலைமுறையையும் திட்டினான். ஆரின் திரும்பி வந்தபோது மேற்கே முதல் பனி மேகம் கட்டியிருந்தது. எண்ணெய்க் கிணற்று மேஸ்திரி தொலைபேசியில் கத்தினார்.

"வர்றியா, வரலையா? உன் எடத்துக்கு ஆள் வாசல்ல நிக்கறான்!"

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே."

ஜன்னல் வழியே பார்த்தான். நல்ல ரிவால்வர், நல்ல தோட்டா, காற்றுகூட இல்லை. லியோட்டா ஆறு முறை சுட்டாள். ஆறு டப்பாவும் நின்றன. அவள் திரும்பி, கம்பளிக் குல்லாய்க்குள்ளிருந்து அவனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"அவனையே எடுத்துக்கங்கண்ணே," என்றான் ஆரின்.

வைத்த பிறகுதான் தெரிந்தது, நெஞ்சில் இருந்த ஏதோ ஒரு மூட்டையும் தொலைபேசியோடு இறங்கியிருந்தது. இருபது குளிர்காலமாக இரும்புக் கட்டிலில், முன்பின் தெரியாதவர்களின் குறட்டைக்கு நடுவே படுத்தவன் அவன். இந்தக் குளிர்காலம் சொந்த அடுப்பின் பக்கத்தில்.

மறுநாளே ஊர்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்ட அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற வேலை.

"ஐயோ, என்னாலதானே உன் வேலை போச்சு," என்றாள் லியோட்டா. சொல்லிவிட்டு ஆப்பிள் பணியாரம் ஒன்றை அடுப்பில் வைத்துக்கொண்டே பாட ஆரம்பித்தாள்.

"விடு, எல்லாருக்கும் குறி வந்துருமா?" என்று ஆரின் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தான். "வசந்தத்துல நானே பக்கத்துல நின்னு சொல்லித் தரேன்."

"நீதான் சொல்லித் தரணும்," என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை லியோட்டாவின் தம்பி ராய்ஸ் வயோமிங்கிலிருந்து வந்தான். அக்காவின் பழைய குதிரையை வண்டியில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தான். இறக்கிவிட்டு ஆரினோடு கொட்டகைப் பக்கம் நடந்தபோது, மண்மேட்டுக்கு முன்னால் வரிசையாக நின்ற டப்பாக்களைப் பார்த்தான்.

"இது என்ன மச்சான், யாருக்குப் பயிற்சி?"

"உங்க அக்காவுக்குத்தான். பாவம், எத்தனை துப்பாக்கி மாத்தியும் ஒண்ணுகூடப் படல. கிண்டல் பண்ணிடாத, மனசு நொந்துருவா."

ராய்ஸ் டப்பாக்களைத் தாண்டிப் போய், ஓரமாக நட்டிருந்த தடித்த வேலிக்கம்பத்தின் முன்னால் குனிந்தான். அதில் விரலை விட்டுப் பார்த்தான். சமையலறைப் பாட்டு அதுவரைக்கும் கேட்டது. மெதுவாக நிமிர்ந்து கேட்டான்:

"ஏன் மச்சான், குறி தெரியாதவ எல்லாக் குண்டையும் ஒரே ஓட்டையிலயா தவறவிடுவா?"