குளிர் அறைக்கு வந்த பெட்டி

பொய் சொல்லித் தோற்றது போதும். இந்த முறை றிப்னாவிடம் உண்மையை மட்டுமே சொல்வது என்று சப்ரி தீர்மானித்தான். கல்யாணம் முடித்த நாள்தொட்டு எத்தனையோ பொய்களை அவிழ்த்துப் பார்த்துவிட்டான். ஒன்றாவது அவளிடம் பலித்ததில்லை. உண்மையைச் சொன்னால் எந்தப் பெண்சாதிதான் என்ன செய்துவிட முடியும்?

சப்ரிக்குப் பாட்டுப் பைத்தியம். பகலில் கல்முனையில் ஒரு அலுவலகத்தில் கிளார்க். வீட்டுக்கு வந்துவிட்டால் பாடகன். இஸ்லாமிய கீதம், கல்யாண வாழ்த்து, புடவைக்கடை விளம்பரம் எல்லாவற்றையும் தானே பாடித் தானே பதிவு செய்வான். பதிவு செய்வது மூலை அறையில். வீட்டில் ஏ.சி. உள்ள ஒரே அறை அது. வீடோ றிப்னாவின் வீடு. ஊர் வழக்கப்படி அவளுடைய வாப்பா கட்டி, சீதனமாக எழுதிக் கொடுத்தது. சப்ரி உடுப்புப் பையோடு வந்து சேர்ந்த மாப்பிள்ளை. அத்தனை பெரிய வீட்டில் 'என்ட ரூம்' என்று அவன் சொல்லக்கூடியது அந்த மூலை ஒன்றுதான். அதையும் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லத்தான் சொல்வான்.

அந்த அறை மீது றிப்னாவுக்கு நெடுநாளாக ஒரு கண். அவள் கேக் செய்து விற்கிறவள். நம்முடைய வெக்கையில் கேக்கின் மேல் கிறீம் நிற்குமா? போன கிழமை குதிரை என்று செய்து வைத்தது, எடுக்க ஆள் வருவதற்குள் ஆமையாகிவிட்டது.

சப்ரியின் துன்பம் வேறு. குரலுக்கு இனிமையும் எதிரொலியும் கனமும் கூட்டுகிற சின்னச் சின்ன மென்பொருள்கள் இருக்கின்றன. ப்ளகின் என்பார்கள். நாலு ப்ளகினை ஒன்றாகப் போட்டால் அவனுடைய லெப்டொப்புக்கு மூச்சு முட்டும். பெற்ற உம்மாவைப் பற்றி உயிரைக் கொடுத்து ஒரு கீதம் பாடினான். 'உம்மா' என்று உருகி நீட்டிய இடத்தில் லெப்டொப் 'உம்'மோடு நின்றுவிட்டது. இதற்கு மருந்து ஒன்றுதான். ப்ளகின் ஓட்டுவதற்கென்றே ஒரு தனிப் பெட்டி.

"இஞ்ச பாரு புள்ள, ஒரு பெட்டி வாங்கணும்."

"என்ன பெட்டி?"

"ப்ளகின் ஓட்டுற பெட்டி. வேற ஒரு வேலையும் செய்யாது."

"அப்பிடி ஒண்டு வீட்டில ஏற்கெனவே இரிக்கே."

சப்ரி அதை விழுங்கிக்கொண்டான். உண்மை பேச வந்தவனுக்குப் பொறுமை வேண்டும்.

"ரெண்டு சாதி இரிக்கி. ஒண்டு பெலமானது, ஆனா ஃபேன் வெச்சது. நெல்லு மில்லு மாதிரி இரையும். மத்தது சத்தமே வராது. அதத்தான் எடுக்கப் போறன்."

"இரைஞ்சா என்ன?"

"மைக்குக்குள்ள போயிருமே! அந்தப் பெட்டி இரிக்கிற ரூமில மனிசன் பாட ஏலா."

"அப்பிடியா?" றிப்னா கையில் இருந்த மாவைத் துடைத்தாள். "சூடாகுமா?"

"ஓம். இரையிறது கடும் சூடு. ஏ.சி. இல்லாட்டி நிண்டுரும்."

"ஒங்களுக்குப் பக்கத்திலயே இரிக்கணுமா?"

"ச்சே, நீட்டு வயர் ஒண்டு இழுத்தாச் சரி. எந்த மூலையில இரிந்தாலும் ஓடும்."

எவ்வளவு உண்மை! சப்ரிக்குத் தன்னை நினைக்கவே பெருமையாக இருந்தது.

"வாங்குங்க" என்றாள் றிப்னா. "அர்ஹம் கட்டார்ல இருந்து லீவில வாறான். அவனுக்கிட்டச் சொல்லிவிடுங்க."

அங்கேயே அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அர்ஹம் அவளுடைய தம்பி. பெண் வீட்டில் குடியிருக்கிற மாப்பிள்ளைக்கு மச்சினன் யாருடைய ஆள் என்பது நம் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். சந்தோசத்தில் சப்ரிக்கு மறந்துபோனது. போன் எடுத்து, "சத்தமில்லாதது மச்சான், மறந்துராத!" என்று படித்துப் படித்துச் சொன்னான்.

அர்ஹம் வந்தான். பெட்டியும் வந்தது. சப்ரி பிஸ்மி சொல்லி சுவிட்சைப் போட்டான். அது போட்ட இரைச்சலில் முற்றத்துத் தென்னையில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் போய்விட்டது.

"மச்சான்! இது இரையிறதுடா!"

"ஓம் மச்சான். பெலமானதையே எடு, மச்சான்ட ஆசைக்குக் குறை வைக்காத எண்டு றாத்தாதான் சொன்னா."

சப்ரி அந்த றாத்தாவை, தன் பெண்சாதியைப் பார்த்தான். அவள் முகத்தில் பால் வடிந்தது.

"இத மாத்திருவம் புள்ள."

"கட்டாருக்குப் போயா?"

"இதோட நான் எப்பிடிப் பாடுற?"

"பெட்டி இரிக்கிற ரூமில மனிசன் பாட ஏலா எண்டு நீங்கதானே சொன்னீங்க?"

"ஓம்."

"ஏ.சி. இல்லாட்டி நிண்டுரும் எண்டும் சொன்னீங்க."

"சொன்னன்."

"வயர் எங்கயும் இழுக்கலாம் எண்டும்..."

சப்ரி அதற்கும் தலையாட்டினான். எல்லாம் அவன் சொன்ன உண்மை. எந்த உண்மையை இனி மறுப்பான்?

"அப்ப பெட்டி ஏ.சி. ரூமில இரிக்கட்டும். நீங்க நெல்லு ரூமில பாடுங்க. சுத்திவர மூடை. எதிரொலியே வராது. குளிர் சும்மா வீணாப் போகாம என்ட கேக்க அதுக்குள்ள வைக்கிறன். கேக் பாடாதுதானே?"

அன்றைக்கே மூலை அறைக்குள் கேக் தட்டுகள் குடிபோயின. சப்ரி மைக்கைத் தூக்கிக்கொண்டு நெல் மூடைகளுக்கு நடுவே போய் நின்றான். ஜன்னல் இல்லை. தும்மல் உண்டு. வேர்வை நெற்றியில் தொடங்கிக் கால் விரல் வரை போனது. அழுகிற குரலில் 'உம்மா' என்று நீட்டினான். பாழாய்ப்போன பெட்டி ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை. அவன் பாடியதிலேயே அருமையாக வந்த பாட்டு அதுதான். குறை சொல்லக்கூட ஒன்றுமில்லாமல் போனதே என்று அவனுக்கு நெஞ்சு வெந்தது.

ஒரு நிமிசமாவது குளிரில் நிற்க வேண்டும். உண்மை பேசி அழிந்தது போதும், இனிப் பழையபடி பொய்தான். மூலை அறைக் கதவை மெல்லத் தள்ளினான். உள்ளே றிப்னா ஒரு குதிரைக்கு வால் வைத்துக்கொண்டிருந்தாள். குதிரை நாலு காலில் நிமிர்ந்து நின்றது.

"பெட்டி நிண்டுபோச்சுப் புள்ள. கொஞ்ச நேரம் உள்ளுக்க இருந்து பார்க்கணும்."

பெட்டி ஊரே கேட்க இரைந்துகொண்டிருந்தது.

றிப்னா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கதவச் சாத்துங்க, கிறீம் இளகுது."