மூன்றாம் பலகையைத் தாண்டுபவர்

தட்டிப் பார்ப்பவர் என்றொரு மனித வகை உண்டு. சுவரோ மேசையோ மாடிக் கைப்பிடியோ, எதுவானாலும் விரல் முட்டியால் இரண்டு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கணம் மௌனம், பிறகு தீர்ப்பு: "கல்லு மாதிரி இருக்கு." கல் அல்லாத பொருள்களைப் பற்றித்தான் எப்போதும் அப்படிச் சொல்வார்.

நான் அறிந்த ஒருவரின் வீட்டுக்குப் பின்னால், இடுப்பு உயரத்துக்குத் தூண்கள் நட்டு அமைத்த மரத்தளம் இருக்கிறது. சமையலறைக் கதவைத் திறந்தால் நேரே அதில்தான் கால் வைக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை, மழைக்காலம் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, அவர் அதைப் பரிசோதிப்பார். பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, யாரும் கேட்காமலே "இன்னைக்கு எனக்குத் தலைக்கு மேல வேலை" என்று அறிவித்து, தளத்தின் நடுவில் இரண்டு முறை குதித்து, கைப்பிடியை உலுக்கி, அது ஆடினால் "மரம்னா கொஞ்சம் அசையத்தான் செய்யும்" என்றும் ஆடாவிட்டால் "பாத்தியா?" என்றும் சொல்லி, கடைசியில் ஒரு டப்பா வார்னிஷை முழுத் தளத்துக்கும் பூசுவார். அடியில் குனிந்து பார்த்தாரா? எதற்கு? அழுகல் பளபளத்தால் போதாதா?

கதவிலிருந்து மூன்றாவது பலகை நான்கு வருடமாக மெத்தை போல அமுங்கியது. "ஒண்ணும் ஆகாது" என்று அவர் சொல்லிவிட்டதால், அதைத் தாண்டி நடக்க வீடே பழகிக்கொண்டது. மனைவி துணிக்கூடையோடு தாண்டினாள். மகன் போனில் பேசிக்கொண்டே தாண்டினான். வருகிறவர்களுக்கு, "தலை இடிக்கும், குனிஞ்சு வாங்க" என்பதைப் போல, "கொஞ்சம் எட்டி வைங்க" என்று சொல்லப்பட்டது.

இந்த ஆண்டு மகள் தன் ஒரு வயதுக் குழந்தையோடு வருவதாக இருந்தது.

"ஏங்க, பேத்தி இப்பத்தான் நடக்கப் பழகுறா. அவளுக்குத் தாண்டத் தெரியாது."

"அவ என்ன கனமா இருக்கப் போறா? நானே குதிச்சேன், ஒண்ணும் ஆகலையே!"

"நடுவுல குதிச்சீங்க. இங்க வந்து குதிங்க."

"குதிக்கிறதுக்கு என்ன..."

"சரி, குதிக்க வேணாம். சும்மா நில்லுங்க, போதும்."

மனிதர் நிமிர்ந்து வந்தார். மூன்றாம் பலகைக்கு மேலே அவர் கால் அந்தரத்தில் சற்று யோசித்தது. பிறகு அடுத்த பலகையில் இறங்கியது.

"வார்னிஷ் இன்னும் காயல" என்றார்.

பூசி ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். வாய் சொன்னதை அவர் மனமார நம்பினார், பாதம்தான் நம்பவில்லை. நான்கு வருடமாக அந்த வீட்டில் ஒழுங்காகப் பரிசோதனை செய்தது அந்தப் பாதம் ஒன்றுதான். அதன் அறிக்கையை அவர் படித்ததில்லை.

மனைவி அன்றே தச்சரை வரவழைத்தாள். தச்சர் தட்டவில்லை, குதிக்கவில்லை. தளத்துக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு கட்டையாகக் குத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அது பிடிவரை உள்ளே போனது.

"சார், பலகை மட்டும் இல்ல. கீழ தாங்குற கட்டையே சுவர்ப் பக்கம் உளுத்துப்போச்சு. நாலு பேர் சேர்ந்து நின்னிருந்தா மொத்தமா இறங்கியிருக்கும். இத்தனை நாளா வார்னிஷ்தான் புடிச்சுக்கிட்டு நின்னுருக்கு."

"நான் அப்பவே நெனச்சேன்" என்றார் நம்மவர்.

"எப்ப?" என்றாள் மனைவி.

அவர் கைப்பிடியைத் தட்டிப் பார்க்கத் தொடங்கினார்.

மகள் வருவதற்குள் கட்டையும் பலகையும் புதிதாயின. பேத்தி தத்தித் தத்தி வந்து மூன்றாம் பலகையில் நின்று, கைதட்டிச் சிரித்தாள். தாத்தா அவளைத் தூக்க விரைந்தார், புதுப் பலகையைக் கவனமாகத் தாண்டி.

சிரிக்கிறீர்களா? நல்லது. அப்படியே எழுந்துபோய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். வழியில் எந்தப் படியை ஓரமாக மிதித்தீர்கள், எந்த ஸ்விட்சை விரல் நுனியால் மட்டும் தொட்டீர்கள் என்று கவனியுங்கள். உங்கள் வீட்டில் ஒரு பழுதும் இல்லை, தெரியும், நீங்கள்தான் சொன்னீர்களே. நான் உங்கள் கால்களைக் கேட்கிறேன்.